எங்கட வீட்டாக்கள் (வாட்ஸ்அப் குழு)

தம்பி, பாசிக்குடா (5:52): மாமா, எழும்பிட்டீங்களா? நேத்துப் பின்னேரம் இடி மழை. விடிய வந்து பார்த்தா ஹோட்டல் புல்லுத்தரை தட்டுத் தட்டாக் கறுத்துக் கிடக்கு.

பெரியம்மா, கல்லடி: தேத்தண்ணி குடிச்சியா மனே?

மாமா, மலேசியா: பனி காயமுதல் கிட்டப் பிடிச்சு ஒரு படம் போடு மருமகன்.

தம்பி: (படம்) தொட்டா எண்ணெய் பூசின மாதிரி வழுக்குது. மேல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒண்டு.

மாமா: இது பிதியம், பங்கசு மாதிரி ஒரு கிருமியால புல்லுக்கு வாற அழுகல் நோய். எங்கட கோல்ஃப் மைதானத்தில இதால எத்தனை ராத்திரி நித்திரை இல்ல. பகலும் ராவும் சூடு, புல்லு விடியுமட்டும் ஈரம். ஒரே ராவில பரவிடும். வெட்டுற மெஷின இண்டைக்குத் தொடாத. சில்லு, செருப்பு எல்லாத்திலயும் ஒட்டிக்கொண்டு போகும்.

தம்பி: மற்றப் பக்கம் மஞ்சளாகுது. மெனேஜர் யூரியா போடச் சொல்றார்.

மாமா: வேணாம்! யூரியாவுக்கு வாற இளம் இலையத்தான் பிதியம் முதல்ல பிடிக்கும். அந்தப் பக்கத்துப் புல்லு பசியில மஞ்சளாகல்ல. மண்ணுக்குள்ள தண்ணி நிண்டு வேருக்குக் காத்துப் போகல்ல. வேர் அழுகினா மத்தியானம் வாடும். வாடுது எண்டு நீ தண்ணி விட்டா, புல்ல மறந்திடு.

அக்கா, களுவாஞ்சிகுடி: நெல்லு தண்ணிக்குள்ளதானே நிக்குது மாமா?

மாமா: நல்ல கேள்வி புள்ள. நெல்லுக்கு உடம்புக்குள்ளயே காத்து இறங்க வழி இருக்கு. அறுகுக்கு அந்த அளவுக்கு இல்ல.

தம்பி: இது அறுகா? பெர்முடா எண்டாங்களே.

மாமா: பெர்முடா எண்டுறது எங்கட அறுகம்புல்லுத்தான், பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல்லு. காய வைக்கிற கச்சான் காத்துக்கே லேசில சாகாது, ஆனா தண்ணி தேங்கியே நிண்டா பழுதாகிடும்.

தம்பி: இப்ப என்ன செய்ய?

மாமா: நோய் இல்லாத பக்கம் மட்டும் நீட்டு மூங்கிலால பனியத் தட்டிவிடு. காஞ்ச பிறகு கம்பியால 4 அங்குலம் ஆழத்துக்கு நெருக்கிக் குத்து. ஓட்டைக்குள்ள கழுவின ஆத்து மணல் போடு, கடல் மணல் உப்பு. மறுகா வெட்டேக்கயும் உயரமா விட்டு வெட்டு, மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்காத. கனக்கப் பங்கசு மருந்து இதுக்குக் கேட்காது, எது கேட்கும் எண்டு கமநல நிலையத்தில படத்தக் காட்டிக் கேள்.

தம்பி (11:40): மஞ்சள் பக்கம் குத்தினன் மாமா. மண்ணு கறுப்பா வருது, கூழ் முட்டை மணம்.

மாமா: காத்தில்லாத மண்ணு அப்பிடித்தான் நாறும். அந்த இடத்த இன்னும் நெருக்கிக் குத்து. மெனேஜர் என்ன சொல்றார்?

தம்பி: மணந்து பார்த்திட்டு யூரியா மூட்டையத் திருப்பி வைக்கச் சொல்லிட்டார். மேற்கால இருட்டுது, மழைக்கு முதல் ஓரத்தில வாய்க்கால் வெட்டப் போறன்.