தீவுக் கோபுரங்களைக் காத்த போராட்டம்: ஸ்காட்லாந்து விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள், 2018 – 2022

தோழர்களே, ஸ்காட்லாந்துத் தீவுகளில் விமானக் கட்டுப்பாட்டு வேலைகளைத் தக்கவைக்க ப்ராஸ்பெக்ட் சங்கம் நடத்திய போராட்டத்தைத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். ஒற்றுமையின் பெருமை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். எந்தத் தாள், எத்தனை நாள், எங்கே சறுக்கும் என்பதுதான் வேண்டும். பின்னணியை நான் போட்டுவிடுகிறேன்.

ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலேண்ட்ஸ் ஏர்போர்ட்ஸ், சுருக்கமாக ஹையல், 11 விமான நிலையங்களை நடத்துகிறது. முழுக்க ஸ்காட்லாந்து அமைச்சர்களுக்குச் சொந்தமான நிறுவனம். 2018ல் அறிவித்த திட்டம் இது: சம்பரோ, கிர்க்வால், ஸ்டார்னோவே, டண்டீ, இன்வர்னஸ் ஆகிய ஐந்து இடங்களின் கட்டுப்பாட்டுக் கோபுர வேலையை இன்வர்னஸில் ஒரே மையத்துக்குக் கொண்டுபோவது. அந்தந்த ஓடுதளத்தில் கேமராக்கள் இருக்கும், கட்டுப்பாட்டாளர் இன்வர்னஸில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். பென்பெக்குலா, விக் இரண்டையும் கட்டுப்பாட்டுச் சேவையிலிருந்து, விமானிக்குத் தகவல் மட்டும் சொல்லும் தகவல் சேவையாகத் தரம் இறக்குவது திட்டத்தின் இன்னொரு பாதி. பென்பெக்குலாவில் வசிப்பவர்களே ஆயிரத்துச் சொச்சம்தான். அங்கே நிரந்தரச் சம்பளமுள்ள தொழில்நுட்ப வேலை ஒன்று போனால் ஒரு குடும்பம் போகும், பள்ளியில் இரண்டு பிள்ளைகள் குறைவார்கள், தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் ஒரு ஆள் குறைவார்.

ஆள் கிடைப்பதில்லை, கருவிகள் பழையவை, விமானத்தைத் திரையில் காட்டும் ரேடார் போன்ற கண்காணிப்பு வசதி இல்லை என்பது நிர்வாகத்தின் வாதம். மூன்றிலும் உண்மை உண்டு. இதை மறுத்துப் பேசிய சங்கம் எங்கேயும் ஜெயிக்காது என்பது என் கருத்து.

*

பதில்: அந்தக் கோபுரத்தில் என்ன வேலை நடக்கிறது என்று தெரியாமல் பிரசுரம் அடித்தால் நிர்வாகத்தின் பொறியாளர் ஐந்து நிமிடத்தில் மடக்கிவிடுவார். அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

கிர்க்வால், ஸ்டார்னோவே போன்ற இடங்களில் அன்றைக்கு ரேடார் திரை கிடையாது. விமானி வானொலியில் சொல்லும் இடம், உயரம், நேரம் இவற்றை வைத்தே விமானங்களுக்கு நடுவே இடைவெளி வைப்பார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை. பிளாஸ்டிக் தாங்கியில் செருகி, மேசைப் பலகையில் வரிசையாக அடுக்கியிருக்கும். உயர அனுமதி கொடுத்தால் பேனாவால் எழுது, விமானி திருப்பிச் சொன்னதும் டிக் போடு, மேலே உள்ள விமானம் அந்த உயரத்தை விட்டதாகச் சொன்ன பிறகுதான் கீழே உள்ளவருக்கு அதைக் கொடு. மேகம் தாழ்ந்த நாளில் ஒருவர் இறங்கி முடிக்கும்வரை அடுத்தவர் வட்டமடித்துக் காத்திருப்பார்.

கட்டுப்பாட்டாளருக்கும் தகவல் அலுவலருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். தகவல் அலுவலர் வானில் இருக்கும் விமானத்துக்கு உத்தரவு போட முடியாது, "உனக்கு அருகே இன்னொருவர் வருகிறார்" என்று தெரிவிக்கலாம், விலகுவது விமானியின் பொறுப்பு. கடற்கரை மணலிலேயே விமானம் இறங்கும் பாராவில் இந்தத் தகவல் சேவைதான் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. எனவே "தகவல் சேவை ஆபத்து" என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விமானங்கள் மோசமான வானிலையில் வந்து சேரும் இடத்துக்கு அது போதுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு.

இன்னொன்று, வானிலை அறிக்கை. பிரிட்டனில் ஒவ்வொரு மணியும் 20வது நிமிடத்திலும் 50வது நிமிடத்திலும் போகும் அறிக்கைக்கு, சிறிய நிலையங்களில் கோபுரத்து ஆட்கள்தான் ஜன்னல் வழியே பார்த்து மேகத்தின் அளவும் பார்வைத் தொலைவும் குறிப்பார்கள். தானியங்கிக் கருவி தன் தலைக்கு மேலே உள்ள மேகத்தை அளக்கும். ஐந்து மைல் தள்ளிக் கடல்மேல் வரும் பனிமூட்டம் அதற்குத் தெரியாது. கோபுரத்தை மூடினால் இந்த வேலை யாருக்குப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். பல திட்ட ஆவணங்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

*

பதில்: மேலே எழுதியதோடு கேபிளையும் சேர்க்க வேண்டும்.

கேமரா வழியே தூரத்திலிருந்து நடத்தும் தொலைக் கோபுரம் என்பதே கெட்டது என்று பேசினால் சங்கம் தோற்கும். சுவீடனில் அர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தை 2015 முதல் வேறு ஊரிலிருந்து நடத்துகிறார்கள். லண்டன் சிட்டி விமான நிலையத்தை 2021 முதல் ஸ்வான்விக் என்ற வேறு ஊரின் மையத்திலிருந்து நடத்துகிறார்கள்: 50 மீட்டர் உயரக் கம்பம், 16 கேமரா, ஒன்றையொன்று சாராத மூன்று கண்ணாடி இழைப் பாதைகள். அந்தக் கடைசி விவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெற்கு இங்கிலாந்தில் மூன்று தனிப் பாதை கிடைக்கும். சம்பரோ இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கு வருவது கடலடிக் கேபிள்.

2022 அக்டோபர் 20 அன்று ஷெட்லாந்தை இணைக்கும் கேபிள் சேதமானது. அதற்கு முந்தைய வாரமே ஃபாரோ தீவுப் பக்கத்துக் கேபிளும் பழுதாகியிருந்தது. தொலைபேசி, இணையம், கடையில் கார்டு தேய்ப்பது எல்லாம் பெரும்பகுதி நின்றுபோனது, காவல்துறை பெரிய அவசரநிலை என்று அறிவித்தது. கோபுர முடிவு அதற்கு ஒன்பது மாதம் முன்பே ஆகிவிட்டதால் போராட்டத்தில் இதைக் காட்ட முடியவில்லை. இனி இதே மாதிரித் திட்டம் எங்கே வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: பாதை எத்தனை, அவை ஒரே பள்ளத்தில் போகின்றனவா, இரண்டும் அறுந்தால் வானில் இருக்கும் விமானத்துடன் யார் பேசுவது?

*

பதில்: வாக்கெடுப்பு. சங்கங்கள் அதிகம் வழுக்கி விழும் இடம். எண்கள் எல்லாம் அன்றைக்கு நடப்பில் இருந்த சட்டத்தின்படி, 2016 தொழிற்சங்கச் சட்டம் செய்த மாற்றங்களும் சேர்த்து. இப்போது நடத்துபவர்கள் புதிய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் குறைந்தது 50 சதவீதம் பேர் வாக்குப் போட வேண்டும். போக்குவரத்து போன்ற "முக்கியப் பொதுச் சேவை"ப் பட்டியலில் வரும் வேலை என்றால், மொத்தத் தகுதியுள்ளவர்களில் 40 சதவீதம் பேர் "ஆம்" என்று போட்டிருக்கவும் வேண்டும். 60 பேர் உள்ள கிளையை எடுங்கள். 31 வாக்கு விழுந்து 22 ஆம், 9 இல்லை என்றால் ஜெயித்த மாதிரி இருக்கும். தோல்வி. 24 ஆம் வேண்டும். வீட்டில் மேசைமேல் மறந்து கிடக்கும் வாக்குச் சீட்டு ஒவ்வொன்றும் "இல்லை"தான்.

வாக்கு தபாலில் மட்டும், அதுவும் வீட்டு முகவரிக்கு. தீவில் காற்று அடித்தால் கப்பலும் நிற்கும், தபால் விமானமும் நிற்கும். குளிர்காலத்தில் இரண்டு வாரத்தில் வாக்கெடுப்பை முடிக்கப் பார்த்தால் வடக்குத் தீவுகளின் சீட்டுகள் எண்ணிக்கைக்குப் பிறகு வந்து சேரும். நான்கு வாரம் வையுங்கள். தொடங்குமுன் ஒவ்வொருவரின் முகவரியையும் கிளைப் பொறுப்பாளர் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். முகவரி மாறியவர்களால்தான் பாதிப் பிரச்சினை.

சீட்டில் இரண்டு கேள்வி தனித்தனியாக: வேலைநிறுத்தத்துக்குச் சம்மதமா, வேலைநிறுத்தம் அல்லாத நடவடிக்கைக்குச் சம்மதமா. இரண்டாவதை விட்டுவிட்டால் விதிப்படி வேலை, அதாவது ஒப்பந்தத்தில் உள்ளதை மட்டும் செய்வது, அதற்குக்கூட அனுமதி கிடையாது. வாக்கெடுப்பு திறக்க 7 நாள் முன்பு நிர்வாகத்துக்கு அறிவிப்பு, அதில் எந்தப் பணியிடத்தில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. சீட்டின் மாதிரி 3 நாள் முன்பு. முடிவு வந்தபின் நடவடிக்கைக்கு 14 நாள் அறிவிப்பு. கிடைத்த அனுமதி 6 மாதம் செல்லும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 9. நிர்வாகத்தின் வழக்கறிஞர் கொள்கையைத் தொடவே மாட்டார், இந்த எண்ணிக்கைகளில் பிழை தேடுவார். டண்டீயில் ஒருவர் இடம் மாறிப்போனதை அறிவிப்பில் திருத்தாமல் விட்டால் அவருக்கு அதுவே போதும்.

*

பதில்: விதிப்படி வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2021 ஜனவரி 4 முதல் ப்ராஸ்பெக்ட் அதைத்தான் தொடங்கியது. ஒரு நாள் வேலைநிறுத்தம் ஜூலை 29ல்தான் வந்தது. வரிசை சரியான வரிசை.

காரணம், இந்தச் சிறிய கோபுரங்கள் ஆட்களின் நல்லெண்ணத்தில் ஓடுகின்றன. விமானம் தாமதம் என்றால் நேரம் தாண்டி உட்காருவது, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பில் இருப்பவர் வருவது, சொந்த வேலைக்கு நடுவில் புதியவரைப் பயிற்றுவிப்பது. இவற்றை நிறுத்தினால் ஒப்பந்தம் மீறப்படாது, சம்பளப் பிடித்தமும் வராது. ஆனால் கால அட்டவணை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று வெளியே தெரிந்துவிடும். எது ஒப்பந்தத்தில் உள்ளது, எது விருப்ப வேலை என்று வரி வரியாகப் பிரித்து உறுப்பினர் கையில் கொடுங்கள். இல்லையென்றால் ஒருவர் கட்டாய வேலையை மறுத்துவிட்டு மாட்டிக்கொள்வார்.

மருத்துவ விமானம், கடலோரக் காவல் மீட்பு இவற்றுக்கு விலக்கு உண்டு என்று அறிவிப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது, விலக்கு கொடுக்கும் பொறுப்பாளர் யார், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். நோயாளியை அபர்டீனுக்கு ஏற்றிப்போக விமானம் வராமல் போனதாக ஒரு வதந்தி கிளம்பினால் தீவு மக்களின் ஆதரவு முழுக்கக் கைவிட்டுப் போகும்.

*

பதில்: ஆவணங்களைத் திறப்பதுதான் இந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு என்பேன்.

ஸ்காட்லாந்துத் தகவல் உரிமைச் சட்டம் 2002ன்படி பொது நிறுவனம் 20 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் 40 வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதற்கும் மறுத்தால் தகவல் ஆணையரிடம் போக 6 மாதம் அவகாசம். "திட்டம் தொடர்பான எல்லா ஆவணமும்" என்று கேட்காதீர்கள், செலவு 600 பவுண்டைத் தாண்டும் என்று மூடிவிடுவார்கள். ஆலோசகர்கள் எத்தனை வழிகளை ஒப்பிட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண், ஆபத்துப் பட்டியலின் தேதியிட்ட பதிப்பு, இந்த இந்தக் குழுக் கூட்டத்தின் குறிப்பு. அப்படிக் கேளுங்கள்.

அடுத்தது தீவுகள் சட்டம், 2018. ஒரு கொள்கை மற்ற ஊர்களைவிடத் தீவு மக்களை வேறு மாதிரி, கணிசமாகப் பாதிக்கும் என்றால் அதன் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமைப் பிரிவு 2020 டிசம்பர் கடைசியில்தான் அமலுக்கு வந்தது, ஹையல் வாரியம் அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தது. அழுத்தத்துக்குப் பிறகுதான் வெளி ஆலோசகர்களைக் கொண்டு மதிப்பீடு நடந்து 2021 தொடக்கத்தில் வெளியானது. வேலையும் வருமானமும் தீவுகளை விட்டுப் போகும் என்று நிர்வாகம் காசு கொடுத்து எழுதவைத்த அறிக்கையே சொன்னது. அதற்குப் பிறகு சங்கத்தின் கணிப்பை யாரும் மிகை என்று சொல்ல முடியவில்லை. ஒன்று கவனியுங்கள்: விக் பெருநிலத்தில் இருக்கிறது, டண்டீயும் அப்படியே. தீவுச் சட்டம் அவர்களுக்கு உதவாது. ஒரே பிரசுரத்தில் ஏழு ஊரையும் அந்தச் சட்டத்தின் கீழ் போட்டால் தவறு.

நாடாளுமன்ற மனுவைச் சங்கம் போடவில்லை, பென்பெக்குலா சமுதாய மன்றத்தின் சார்பில் போனது. பிஇ1804 என்ற எண். ஹோலிரூடில், அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், மனுவுக்குக் குறைந்தபட்சக் கையெழுத்து எண்ணிக்கை கிடையாது, அதற்கு முன் உறுப்பினரிடமோ அரசிடமோ முயன்றதைக் காட்டினால் போதும். நாடாளுமன்ற மனுக் குழு அதைத் திறந்தே வைத்திருக்கும்வரை அமைச்சரும் நிறுவனமும் திரும்பத் திரும்ப எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் செய்தே ஆக வேண்டும்.

*

பதில்: "கட்டாய ஆட்குறைப்பு இல்லை" என்ற வாக்குறுதியை நம்பி உட்காராதீர்கள். ஸ்காட்லாந்துப் பொதுத்துறையில் அது கொள்கையாகவே இருந்தது. வேலை போகவில்லை, இன்வர்னஸுக்கு மாறுகிறது, வருபவர் வரலாம் என்பார்கள். மனைவிக்கோ கணவருக்கோ தீவில் வேலை, வயதான தாய், அடமானத்தில் வீடு. வர முடியாதவர் தானே விலகிக்கொண்டதாகக் கணக்கு எழுதப்படும்.

கலந்தாய்வுச் சட்டமும் கை கொடுக்காது. ஒரே பணியிடத்தில் 90 நாளில் 20 பேரை நீக்கினால்தான் 30 நாள் கூட்டுக் கலந்தாய்வு கட்டாயம், 100 பேர் என்றால் 45 நாள். கோபுரம் ஒவ்வொன்றும் தனிப் பணியிடம் என்று எண்ணினால் எதிலும் 20 வராது. அதனால் நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டு போடும் அங்கீகார ஒப்பந்தத்திலேயே "நிறுவனம் முழுவதும் ஒரே அலகு" என்ற வரியை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். தகராறு வந்தபின் யாரும் தர மாட்டார்கள்.

*

பதில்: முடிவு எப்படி வந்தது என்பதைச் சேர்த்துவிடுகிறேன். 2021 இலையுதிர் காலத்தில் நடவடிக்கையை நிறுத்திவைத்துச் சங்கமும் நிர்வாகமும் மாற்று வழியை உட்கார்ந்து தயாரித்தன. 2022 ஜனவரியில் வாரியம் தொலைக் கோபுரத்தைக் கைவிட்டது. கண்காணிப்புச் சேவையை இன்வர்னஸில் மையப்படுத்துவது, கோபுரங்கள் அவரவர் ஊரிலேயே இருப்பது. நவீனமயத்தில் எந்தத் துண்டு இடம் சார்ந்தது, எது சாராதது என்று பிரித்துக் காட்டியதால் கிடைத்த முடிவு இது.

ஆள் பற்றாக்குறை அப்படியே நிற்கிறது. கட்டுப்பாட்டாளரின் உரிமம் அந்தந்த நிலையத்துக்கு மட்டும் ஒப்புதல் பெற்றது. கிர்க்வாலில் இருப்பவரை நாளைக்கே ஸ்டார்னோவேயில் உட்காரவைக்க முடியாது, அங்கே மறுபடி மாதக்கணக்கில் பயிற்சி. வெளியிலிருந்து வருபவர் உரிமம் கிடைத்ததும் பெரிய நிலையத்துக்குப் போய்விடுவார், ஊர்ப் பிள்ளைகள் தங்குவார்கள். ஆண்டுக்கு எத்தனை பயிற்சி இடம், எந்தத் தீவுக்கு என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

பென்பெக்குலா, விக் இரண்டையும் அந்த ஐந்தோடு சேர்த்து வெற்றிக் கணக்கில் எழுதாதீர்கள், அவற்றின் விவகாரம் தனி. ஒப்பந்தத்தில் "தீவு நிலையங்கள்" என்று பொதுவாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் ஒவ்வொரு ஊரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.