முள்வேலிக்குள் கேட்கப்பட்ட நாட்டுப்பற்று: நேரில் கண்டதும் கேட்டதும்

லாஸ் ஏஞ்சலிஸ் உறுப்பினர்:

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா தன் சொந்த மக்களின் நாட்டுப்பற்றை எப்படிச் சோதித்தது என்பது, கலிபோர்னியாவில் உள்ள பழைய மன்சனார் தடுப்பு முகாமில் ஒரு வினாப்படிவத்தின் முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பனிமலை பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு 395ஆம் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். லோன் பைன் என்ற சிற்றூரைத் தாண்டியதும் இடப்புறத்தில் மரத்தாலான காவல் கோபுரம் ஒன்று தெரிந்தது. அது என்ன என்று பிள்ளைகள் கேட்டதால் வண்டியைத் திருப்பினேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இறங்கிய நாங்கள், வெயில் சாயும்வரை அங்கேயே இருந்துவிட்டோம்.

ஜப்பானோடு போர் மூண்ட சில வாரங்களில், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் அனைத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டுப் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். மன்சனாரில் மட்டும் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். எட்டுக் காவல் கோபுரங்களில் இன்று நிற்பது பிற்காலத்தில் திரும்பக் கட்டப்பட்ட ஒன்றுதான்.

கொட்டகைகளையும் மாதிரிக்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பச்சை மரப்பலகையில் அடித்து, மேலே தார்க்காகிதம் போர்த்தியவை; இருபது அடிக்கு இருபத்தைந்து அடி அறை ஒன்றில் எட்டுப் பேர்வரை தங்க வேண்டியிருந்தது. பலகை காய்ந்து சுருங்கியதும் இடுக்குகள் வழியாகப் பள்ளத்தாக்கின் புழுதி உள்ளே புகுந்ததால், பலகையின் கணு விழுந்த ஓட்டைகளை மக்கள் தகர டப்பாவின் மூடியை ஆணியடித்து அடைத்தார்களாம். என் மனைவி பெண்களுக்கான பொதுக் கழிவறையின் மாதிரிக்குள் சென்று பார்த்துவிட்டு வந்து, வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அங்கே இருக்கைகளுக்கு நடுவே தடுப்பு எதுவும் இல்லை.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முகாம்களில் இருந்த பதினேழு வயதுக்கு மேற்பட்ட அனைவரிடமும் விசுவாசத்தை அறியும் படிவம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் 27ஆம் கேள்வி, இராணுவத்தில் சேர்ந்து எங்கு அனுப்பினாலும் போரிடச் சம்மதமா என்று இளைஞர்களைக் கேட்டது. 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் காட்டி, ஜப்பானியப் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறக்க உறுதி அளிப்பீர்களா என்று கேட்டது. கலிபோர்னியாவில் பிறந்து, பேரரசரை ஒருநாளும் தன் தலைவராக எண்ணியிராத ஓர் இளைஞன், இல்லாத விசுவாசத்தை எப்படித் துறப்பான்? ஆம் என்று எழுதினால் அதுவரை அந்த விசுவாசம் இருந்ததாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று பலர் அஞ்சினார்கள்.

பெற்றோரின் நிலை இதைவிடக் கொடியது. ஜப்பானில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவே முடியாதபடி சட்டம் தடுத்திருந்ததால், ஆம் என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு எந்த நாடுமே இல்லாமல் போயிருக்கும். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவர்களுக்கான கேள்வியின் வாசகம் மாற்றப்பட்டது. (இதே குடியுரிமைத் தடை நம்மவர்களுக்கும் இருந்தது. இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் பகத் சிங் திந்த் என்ற குடியேறியவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அந்தத் தடை நீங்கியது.) இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்று எழுதியவர்களுக்கு விசுவாசமற்றவர்கள் என்ற முத்திரை குத்தி, டூல் லேக் முகாமுக்கு அனுப்பினார்கள். அப்பாவின் பதில் ஒன்று, மகனின் பதில் மற்றொன்று என்று பிளந்துபோன குடும்பங்களும் உண்டு.

அந்தப் படிவத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஒருவரை வேலிக்குள் அடைத்து, துப்பாக்கியோடு காவலுக்கும் ஆள் நிறுத்திவிட்டு, எங்களை நேசிக்கிறாயா என்று கேட்பது கேள்வியே ஆகாது என்பது என் கருத்து. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் ஆம் என்று எழுதினார்கள். முகாம்களிலிருந்தும் ஹவாயிலிருந்தும் சென்ற இளைஞர்களைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவு இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டது. அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே இராணுவத்தில் சேர முன்வந்த சடாவோ முனெமோரி, 1945 ஏப்ரல் 5 அன்று இத்தாலியில் ஒரு கையெறி குண்டின் மேல் தானே விழுந்து இரண்டு தோழர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருடைய தாயார் அடைக்கப்பட்டிருந்தது இதே மன்சனாரில்தான்.

புறப்படும் முன் மேற்குக் கோடியில் உள்ள இடுகாட்டுக்குச் சென்றோம். முகாமில் இருந்தவர்களே 1943இல் எழுப்பிய வெள்ளைத் தூண் அங்கே நிற்கிறது. அதன் அடியில் நாணயங்களையும் காகிதக் கொக்குகளையும் யார் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சான் ஹோசே உறுப்பினர்:

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. மன்சனாருக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த முகாம் வாழ்க்கையைப் பற்றி எங்கள் அடுத்த வீட்டில் இருந்த ஜப்பானிய மூதாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். என் மகள் பள்ளியில் சேர்ந்த புதிதில், கொடிக்கு முன் சொல்லும் உறுதிமொழியை வேலியோரம் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா குழாயை நிறுத்திவிட்டு, கடைசி வரியை அவளோடு சேர்ந்து சொன்னார். அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும் என்று முடியும் வரி அது. பிறகு என்னைப் பார்த்து, முகாம் பள்ளியிலும் தினமும் காலையில் இதைத்தான் சொன்னோம், ஜன்னலுக்கு வெளியே வேலி தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு பல மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதலில் அவர்களைக் கொண்டுபோனது சான் புருனோவில் இருந்த டான்ஃபொரான் குதிரைப் பந்தய மைதானத்துக்கு. குதிரைகளை வெளியேற்றிவிட்டு, சாணத்தின் மேலேயே சுண்ணாம்பு பூசியிருந்த கொட்டிலில் அவர் குடும்பம் மாதக்கணக்கில் இருந்தது. மழை நாளில் அந்த வாடை இன்றும் மூக்கில் ஏறுவதாகச் சொன்னார். அவருடைய கோட்டில் கட்டியிருந்த குடும்ப எண் அட்டையை அவர் தாயார் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதை என் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தந்தார். பழுப்பேறிய, நூல் கோர்த்த சாதாரண அட்டை.

சான் புருனோ ரயில் நிலையத்துக்கு வெளியே இன்று அட்டை கட்டிய இரண்டு சிறுமிகளின் வெண்கலச் சிலை இருக்கிறது. அந்த வழியாகப் போகும் நம்மவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் வந்து இறங்கும் சான் ஹோசே விமான நிலையத்துக்குப் பெயர் தந்த நார்மன் மினெட்டாவும் பத்து வயதில் முகாமுக்கு அனுப்பப்பட்டவர்தான். ரயில் ஏறும்போது அவர் வைத்திருந்த பேஸ்பால் மட்டையை, ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடும் என்று சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க வழிசெய்த சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

டென்வர் உறுப்பினர்:

அரசியலைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். அன்று இதைத் தவிர்த்திருக்கவோ எதிர்த்துப் பேசியிருக்கவோ யாராலும் முடியாது என்று பலர் சொல்லக் கேட்கிறேன். அது சரியல்ல. ஹவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தும், அவர்கள் உழைப்பு இல்லாமல் தீவு இயங்காது என்பதால் அங்கே ஒட்டுமொத்தமாக யாரையும் அப்புறப்படுத்தவில்லை. கலிபோர்னியாவில் அவர்களோடு போட்டியிட்ட பெரிய விவசாயிகள் அவர்களை வெளியேற்றச் சொல்லி அழுத்தம் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையமே, இனவெறுப்பும் போர்ப் பதற்றமும் அரசியல் தலைமையின் தவறுமே காரணம் என்று 1983இல் முடிவுரைத்தது.

எங்கள் கொலராடோ மாநில ஆளுநராக இருந்த ரால்ஃப் கார், குடியரசுக் கட்சிக்காரர். குடிமக்களை விசாரணையின்றி அடைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று 1942லேயே வெளிப்படையாகப் பேசியவர். அதே ஆண்டு செனட் தேர்தலில் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். டென்வர் சகுரா சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. சென்ற மாதம் மதிய உணவு இடைவேளையில் அங்கே போனபோது, வயதான ஜப்பானியத் தம்பதி ஒருவர் சிலையின் பீடத்தில் விழுந்திருந்த சருகுகளைக் கையாலேயே கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து உதவினேன்.