மாமாவோட 7,500 ரூபாய் மெசேஜும் பார்லிமென்ட் ஆப்பும்

எங்க மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல 28 வருஷம் லேத் ஓட்டினவரு, இப்ப இபிஎஸ் 95ன்ற பிஎஃப் பென்ஷன் திட்டத்துல மாசம் 1,600 சில்லறை வருது. 2024 டிசம்பர்ல, குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துட்டு இருந்தப்போ, காலைல ஏழு மணிக்கே போன். "மாப்ள, மினிமம் பென்ஷன 7,500 ஆக்கிட்டாங்களாம்டா, பார்லிமென்ட்லயே சொல்லிட்டாங்களாம், வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு"ன்றாரு. அத்தைக்கு கண்புரை ஆபரேஷன் ரொம்ப நாளா தள்ளிட்டே போகுது, இந்த காச நம்பி தேதி கூட குறிச்சிட்டாரு. எனக்கு போன்ல இல்லன்னு சொல்ல வாயே வரல.

சாயங்காலம் நேர்ல போயிட்டேன். என் போன்ல பார்லிமென்டோட டிஜிட்டல் சன்சத் ஆப் இருக்கு, அதுவரைக்கும் லைவ் பாக்க மட்டும்தான் தொறப்பேன். அன்னிக்கிதான் கேள்விகள் பக்கம் போயி தொழிலாளர் அமைச்சகம், பென்ஷன்னு தேடினேன். டிவில பாத்தா சபைல கூச்சல் மட்டும்தான் தெரியும், ஆனா லோக்சபால ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் சபைலயே வாயால பதில் சொல்ல வேண்டியது, 20, அது போக நட்சத்திரமில்லாத கேள்வி 230 வரைக்கும் எழுத்துல பதில் வருதுங்க, நம்ம பொழப்பு சம்பந்தப்பட்ட விஷயமெல்லாம் அங்கதான் கெடக்கு.

பிடிஎஃப் தொறந்தா மேல கேள்வி நம்பர், பதில் சொன்ன தேதி, அப்புறம் எம்பி கேட்டது ஏ, பி, சி, டின்னு தனித்தனியா இருக்கு, பதில் மட்டும் 'ஏ டு டி'ன்னு ஒண்ணா சேத்து ஒரே மூச்சுல. மாமாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். 2014 செப்டம்பர்லேந்து பட்ஜெட் உதவியோட மினிமம் 1,000 ரூபாய், உசத்தச் சொல்லி கோரிக்கைங்க வந்திருக்கு, அவ்ளோதான். 7,500ன்றது பென்ஷன்காரங்க கேக்குற தொகை, அத யாரோ கொடுத்துட்டாங்கன்னு மாத்தி அனுப்பிட்டாங்க.

கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல மாமா. அத்தைதான் காபி கொண்டாந்து வச்சாங்க. அப்புறம் "நம்ம எம்பி இதப்பத்தி கேட்டிருக்காரான்னு எப்படிடா பாக்குறது"ன்னாரு. அம்பத்தூர் சென்னைக்குள்ள இருந்தாலும் எம்பி தொகுதி ஸ்ரீபெரும்புதூர், நெறைய பேருக்கு இதுவே தெரியாது, அதனால மொதல்ல தொகுதிய சரியா பாருங்க, அப்புறம் எம்பி பேர வச்சு தேடினா அவர் கேட்ட கேள்வியெல்லாம் வரும். இன்னொண்ணு, தேதிய கண்டிப்பா பாருங்க, பழைய பதிலயே புதுசு மாதிரி சுத்த விடுறாங்க.

மாமா டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் கேள்வி நம்பரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கிட்டாரு. அன்னிக்கு ராத்திரியே அந்த குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாரு, "தோழர்களே, இன்னும் வரல, நம்ம கேட்டுட்டுதான் இருக்கோம், நம்பர் சொல்றேன் எழுதிக்கோங்க"ன்னு. அத்தைக்கு அடுத்த மாசம் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது.