கோன்யாக் (பிரான்சின் திராட்சை பிராந்தி) காய்ச்சுவதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பாரிஸ்வாசி:
ஜனவரியில் கோன்யாக் வட்டாரத்தில் செகோன்சாக் ஊர்ப் பக்கம் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டக்காரரிடம் போயிருந்தேன். மார்ச் 31க்குள் வடித்து முடித்தாக வேண்டும் என்பதால் ராத்திரியும் அடுப்பு எரிகிறது. இரண்டு தடவை வடிப்பார்கள், முதலில் ஆல்கஹால் 30 சதவீதம், அப்புறம் 70 சொச்சம், அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது பெரியவரின் மூக்கு. பக்கத்திலேயே ஆல்கஹால் அளக்கும் மீட்டர் இருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழிகிறதில் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார், சட்டென்று குழாயைத் திருப்பிவிட்டார். தலைப்பகுதி, அதாவது முதலில் வழிகிற, ஒதுக்கிவிடும் பகுதி முடிந்ததாம்! முன்னும் பின்னும் நானும் முகர்ந்தேன், ஒரே நெடிதான்.

செம்மண்:
மூக்கு இருக்கட்டும், மண்ணை விட்டுவிட்டீர்களே. ஒரு கிடங்கில் இரண்டு பீப்பாயிலிருந்து ஊற்றித் தந்தார்கள். ஒரே பானையில் வடித்தது, ஒரே வயது, இரண்டும் யூனி பிளாங்க் திராட்சை. போர்தெரி வட்டாரத்துச் சரக்கு வழவழவென்று வயலெட் பூ வாசம். கிராண்ட் ஷாம்பெய்ன் வட்டாரத்துச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்தது இன்னும் முரட்டுத்தனமாகக் கடித்தது. அது பழுக்க இன்னும் பல வருடம் ஆகும் என்றார்கள். ஒரே பானையில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் மூக்கை மட்டும் எப்படிப் புகழ்வது?

குமரன்77:
நான் அங்கே போனதில்லை, பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு பாட்டில் வாங்கியதோடு சரி. ஆனாலும் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ‘ஃபின் ஷாம்பெய்ன்’ என்று போட்டிருந்தால் கிராண்ட் ஷாம்பெய்ன், பெத்தீ ஷாம்பெய்ன் என்ற இரண்டு வட்டாரத்துச் சரக்கும் கலந்தது, பாதியாவது கிராண்ட் இருக்க வேண்டும். விஎஸ், விஎஸ்ஓபி, எக்ஸ்ஓ எல்லாம் பீப்பாயில் இருந்த வயதைச் சொல்லும் தரங்கள், வரவர மூத்தது. விஎஸ்ஓபி என்றால் கலவையில் மிக இளையதற்கே குறைந்தது 4 வருடம். எக்ஸ்ஓவுக்கு 2018 முதல் 10 வருடம். பாட்டிலுக்குள் வயது கூடாது, பரணில் வைத்துப் பிரயோஜனமில்லை. ஐஸ் போடாதீர்கள். கோலா ஊற்றுவதென்றால் எக்ஸ்ஓ எதற்கு, விஎஸ் போதும்.

கஸ்கோன் மாப்பிள்ளை:
குமரன் தம்பி, யாரும் கேட்கவில்லையே!
கஸ்கோன் பக்கத்துப் பிராந்தியான அர்மான்யாக் செய்கிற பா-அர்மான்யாக் வட்டாரத்தில் டிராக்டர் இழுத்து வந்த வடிகலனைப் பார்த்தேன். ஊர் ஊராய்ப் போய்த் தோட்டத்து வாசலிலேயே விறகு மூட்டி வடிக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே ஓட்டம், 60 சதவீதத்துக்குள் நின்றுவிடும், மண்ணின் சுவை நிறையத் தங்கும். “இரண்டு தடவை வடித்தால் அப்புறம் என்ன மிஞ்சும்?” என்றார் வண்டிக்காரர். செம்மண், உங்கள் கட்சிக்கு ஆள் அங்கே இருக்கிறார்.
பாரிஸ்வாசி, உங்கள் பெரியவர் ஒயினை வண்டலோடு காய்ச்சினாரா, தெளியவிட்டா?

பாரிஸ்வாசி:
வண்டலோடுதான். அடிப்பிடிக்காமல் பார்ப்பதே பாதி வேலை என்றார்.