ஸ்லிப் ஆங்கிள்: ‘வழுக்குக் கோணம்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் டயரைப் பற்றிப் பேசும்போது வரும் ‘ஸ்லிப் ஆங்கிள்’ (slip angle) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘வழுக்குக் கோணம்’ என்று போன மடலில் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. எனக்கு ஒப்பவில்லை. காரணம் அகராதியில் இல்லை, என் கார் டயரில் இருக்கிறது.

நான் ஆட்டோகிராஸ் ஓட்டுபவன். காலித் திடலில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் குறிப்பார்கள். போன வாரம் சாதா டயர்களைக் கழற்றிவிட்டுப் போட்டி டயர்களை மாட்டினேன். கிளம்புமுன் டயரின் தோளில், அதாவது தரையில் ஓடும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் இடத்தில், சாக்பீஸால் குறுக்குக் கோடு இழுத்தேன். ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தால், கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தது. காற்று குறைவு, திருப்பத்தில் டயர் மடங்கித் தோளாலேயே ஓடியிருக்கிறது. காற்றழுத்தத்தை 3 பிஎஸ்ஐ ஏற்றினேன். அடுத்த ஓட்டத்தில் அழிவு தோள் விளிம்போடு நின்றது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் பார்க்கும் திசை ஒன்று, போகும் திசை ஒன்று. நடுவில் சில டிகிரி. அதுதான் ஸ்லிப் ஆங்கிள். அப்போது டயர் வழுக்குகிறதா என்றால், இல்லை. தரையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பர் தரையைப் பிடித்தபடியே பக்கவாட்டில் இழுபட்டு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குத்தான் காரைத் திருப்புகிறது. தொடுபரப்பின் பின்னோரம் கொஞ்சம் நழுவும், உண்மைதான். ஆனால் மொத்தமாக வழுக்குவது கோணம் எல்லை மீறிய பிறகுதான்.

என் பழைய டயர் அந்த எல்லைக்கு வருமுன்பே கீச்சிட்டு ஊரைக் கூட்டும். புதுசு கம்மென்று பிடித்துக்கொண்டே இருந்து சட்டென விட்டது. இரண்டு கூம்புகள் காலி. வழுக்கல் என்ற சொல் அந்தக் கணத்துக்கு வேண்டும். கோணத்துக்கே அதைக் கொடுத்துவிட்டால், ‘வழுக்குக் கோணம் 5 டிகிரி, ஆனால் டயர் வழுக்கவில்லை’ என்று எழுத நேரும்.

ஜெர்மனில் இது ‘ஷ்ரேக்லாஃப்விங்கல்’, அதாவது சாய்வாக ஓடும் கோணம். பிரெஞ்சில் ‘தெரீவ்’ என்பார்கள், படகு நீரோட்டத்தில் ஒதுங்குவதற்கும் அதே சொல்தான். இரண்டிலும் வழுக்கல் இல்லை. ஆங்கிலத்தில் வந்த குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை: பிசகு கோணம். கால் பிசகியது என்கிறோமே, அதில் திசை மாறுவதும் இருக்கிறது, முறுக்கிக்கொள்வதும் இருக்கிறது.

*

> (நண்பர் ஒருவரின் பதில்) பிசகு என்றால் தவறு என்றல்லவா படிப்பார்கள்? கணக்கு பிசகியது, வேலை பிசகியது. ‘விலகு கோணம்’ போதாதா?

விலகு கோணம் ஏற்கெனவே ஒளியியலில் குடியிருக்கிறது. படுகோணம், விலகு கோணம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறவரைக் குழப்ப வேண்டாம்.

பிசகு பற்றிச் சொன்னது சரிதான். டயர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும்போது அதைப் பிழை என்பது அநியாயம். பிரெஞ்சுச் சொல்லில் வந்த அந்தப் படகையே பிடித்துக்கொண்டு ‘ஒதுங்கு கோணம்’ என்றால் என்ன? வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “புது டயருக்கு ஒதுங்கு கோணம் கொஞ்சம்தான் தாங்கும், மீறினால் வழுக்கிவிடும்.” என்னோடு ஓட்டும் நண்பரிடம் படித்துக் காட்டினேன். விளக்கம் கேட்கவில்லை, “அப்போ ஸ்டீயரிங்கைக் கம்மியா ஒடிக்கணும்” என்றார்.

சக்கரம் சுழலும் வேகம் கார் போகும் வேகத்திலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்று காட்டும் ஸ்லிப் ரேஷியோவுக்கு ‘நழுவல் விகிதம்’ இருந்துவிட்டுப் போகட்டும்.