ஆசிரியரின் விமர்சனத்துக்குப் பிறகு படத்தொகுப்பைத் திருத்த உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒளிப்படப் படிப்பில் 'உழைக்கும் கைகள்' என்ற தலைப்பில் 12 படங்கள் கொடுத்திருந்தேன். "தனித்தனியாக அழகு, சேர்த்துப் பார்த்தால் எதுவும் சொல்லவில்லை" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். இரண்டு நாள் மனம் கனத்துக் கிடந்தது. இப்போது பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

எல்லாப் படங்களும் 50 மி.மீ. லென்ஸில், எஃப்/1.8 துளையில், அதாவது லென்ஸில் ஒளி புகும் வாயை அகலத் திறந்து எடுத்தவை. தையல்காரரின் விரலில் ஊசி குத்திய தழும்பு துல்லியமாகத் தெரிகிறது. அவர் என்ன தைக்கிறார் என்பது பின்னணியில் கரைந்துவிட்டது. கைகள் மட்டும்தான் இருக்கின்றன, உழைப்பு இல்லை.

பின்னணியும் தெளிவாகத் தெரிய, துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்து மறுபடி எடுக்க நினைக்கிறேன். ஆனால் நான்கு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400இல் எடுத்த இடத்தில் 6400ஐயும் தாண்ட வேண்டும். ஷட்டரை மெதுவாக்கி ஒளியை அதிக நேரம் விட்டால் ஓடும் கை மங்கும். முக்காலி அதைத் தடுக்காது. ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் வரும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்வதா, ஆளை ஜன்னலருகே உட்காரச் சொல்வதா? அப்படிச் சொன்னால் இயல்பு கெடுமோ என்றும் பயம்.

இன்னொன்று, படங்களின் வரிசை. தொகுப்பு செய்து பழகியவர்கள் எந்தப் படத்தில் தொடங்குவீர்கள், எவற்றை நீக்குவீர்கள்? தயங்காமல் கடுமையாகவே சொல்லுங்கள். மூன்று வாரத்தில் மீண்டும் ஒப்படைக்க வேண்டும்.