டெல்லி கணேஷை நாம் எதற்காக நினைக்க வேண்டும்?

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

2024 நவம்பரில் டெல்லி கணேஷ் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தின் பாலக்காட்டு மணி ஐயரையும் 'நாயகன்' ஐயரையுமே பேசின. சாம்பாரில் மீன் விழுந்த அந்தக் கல்யாணச் சமையலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் சிரிப்பு அடங்காது. ஆனாலும் வடசென்னைக்காரர்களாகிய நாம் அவரை முதலில் 'பசி' படத்துக்காகத்தான் நினைக்க வேண்டும்.

1979-இல் துரை இயக்கிய படம் அது. காகிதம் பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா. அவளுடைய தந்தையாக, ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கும் குடிகாரராக கணேஷ். தங்கசாலை மணிக்கூண்டு அருகே வரிசையாக நின்ற ரிக்‌ஷாக்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சவாரி இல்லாத நேரத்தில் இருக்கையில் கால் மடக்கிச் சுருண்டு கிடப்பார்கள், யாராவது "வரியா?" என்றால் துண்டை உதறிக்கொண்டு எழுவார்கள். அவர்களில் ஒருவராகத்தான் கணேஷ் எனக்குத் தெரிந்தார்.

இத்தனைக்கும் அவர் பிறந்தது நெல்லைச் சீமையின் வல்லநாட்டில். பத்தாண்டுகள் விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பிறகு இங்கே காத்தாடி ராமமூர்த்தி குழுவில் சேர்ந்தார். சோபாவும் டெலிபோனும் வைத்த நடுத்தர வர்க்கத்துக் கூடமே அந்தக் கால சபா நாடகங்களின் உலகம். விசுவின் 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை 1977-இல் படமாக்கிய பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொண்டுவந்து, பெயருக்கு முன் 'டெல்லி'யையும் சேர்த்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் குடிசைக்குள் குனிந்து நுழைந்துவிட்டார். நம் பேச்சைத் திரையில் பேசும் பலரும் அதைச் சிரிப்பு மூட்டவோ மிரட்டவோதான் பயன்படுத்துகிறார்கள். கணேஷ் அதில் ஒரு தகப்பனின் ஆற்றாமையைப் பேசினார். ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்த பகுதி நம்முடையது. நடிப்பை எடைபோட நமக்குத் தெரியும். இது அசல் சரக்கு.

ஷோபாவுக்கு தேசிய விருது கிடைத்தது. கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. அதன் பிறகு 'சிந்து பைரவி'யின் மிருதங்க வித்வான், 'அபூர்வ சகோதரர்க'ளின் வில்லன், 'அவ்வை சண்முகி'யின் சேதுராமன் என நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். கதாநாயகன் பெயரைச் சொல்லியே டிக்கெட் விற்கும் தொழிலில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு குணச்சித்திர நடிகர் தாக்குப்பிடிப்பது சாமானிய காரியமல்ல.

அகஸ்தியா தியேட்டரை 2020-இல் மூடிவிட்டார்கள். அதனால் என்ன? வரும் பொங்கல் சந்திப்பில் நம் பிள்ளைகளை உட்காரவைத்து 'பசி'யைத் திரையிடுவோம். தாத்தா ரிக்‌ஷா ஓட்டியவர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அவசியம் வரவேண்டும். நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் இப்போதே தெரிவியுங்கள். மண்டபமும் திரையும் என் பொறுப்பு.